விஞ்ஞானப் பிரிவில் படிக்காதவர்களுக்கு நுண்கணிதம்: வன்னி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் வர்த்தகமோ கலையோ படித்துவிட்டு முகாமைத்துவம், கணக்கியல், பொருளியல் என்று பட்டப்படிப்புக்குப் போகும் வன்னி மாணவர்கள் பலருக்கு முதலாம் ஆண்டிலேயே ஒரு கணிதப் பாடம் காத்திருக்கிறது. வணிகக் கணிதம், பொருளியலுக்கான கணிதம் என்று பெயர் மாறும். உள்ளே கணிசமான பகுதி ஆரம்ப நுண்கணிதமாகத்தான் இருக்கும். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ போனாலும், வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் படித்தாலும் இதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இணைந்த கணிதம் படித்து வருபவர்கள் ஏற்கெனவே இதில் ஊறியவர்கள். நீங்கள் சாதாரண தரக் கணிதத்தோடு வருகிறீர்கள். அந்த இடைவெளியைக் கடக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் புதிதாகக் கற்க வேண்டிய கருத்துகள் இரண்டே இரண்டு: மாறும் வீதம், சேரும் தொகை. இரண்டையும் வன்னியில் வளர்ந்த எவரும் குளத்தையும் வயலையும் பார்த்தே அறிந்திருப்பார்கள். மாணவர்களைத் தடுக்கி விழுத்துவது பெரும்பாலும் தரம் 7 முதல் 11 வரையான அட்சரகணிதம். ஆகவே முதல் உழைப்பு அங்கேதான் போக வேண்டும்.

முதலாம் படி: விரிவுரை தொடங்குமுன் அட்சரகணிதத்தைச் சரிசெய்யுங்கள்

கீழே உள்ளவற்றைக் கணிப்பான் இல்லாமல், ஒரு தாளில், யாரிடமும் கேட்காமல் செய்து பாருங்கள். பாடத்தில் மாறியை எக்ஸ் என்று எழுதுவார்கள். இங்கே ம என்று வைத்துக்கொள்கிறேன்.

- 3/4 − 2/5 எவ்வளவு?
- (−3) × (−4) + (−5) எவ்வளவு?
- (ம + 3)² ஐ விரித்தெழுதுங்கள்.
- ம² − 5ம + 6 = 0 என்பதைத் தீருங்கள்.
- 1/ம² ஐப் பின்னமில்லாமல் சுட்டியாக எழுதுங்கள்.
- (2, 5), (6, 13) ஆகிய புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் படித்திறன் என்ன?

விடைகள்: 7/20, 7, ம² + 6ம + 9, 2 அல்லது 3, ம⁻², 2.

ஆறும் சரியாக வந்தால் நேரே இரண்டாம் படிக்குப் போகலாம். ஒன்றிரண்டு பிழைத்தால் ஒரு வாரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் பிழைத்தால் குறைந்தது மூன்று வாரம் தேவை. அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். மூன்றாவது வினாவில் ம² + 9 என்று எழுதியிருந்தால் அதை மிகப் பாரதூரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் 6ம ஐ விட்டுவிடும் பழக்கம் வகையீட்டின், அதாவது மாறும் வீதத்தைக் காணும் கணக்கின், முதல் நாளிலேயே உங்களை மாட்டிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஆறாம், ஏழாம் தரங்களில் இருந்த பிள்ளைகளின் படிப்பு இடப்பெயர்வுகளுக்கு நடுவிலும் பின்னர் முகாம்களிலுமாகச் சிதறிப்போனது. பின்னங்களும் திசைகொண்ட எண்களும் அட்சரகணிதத்தின் அரிச்சுவடியும் கற்பிக்கப்படும் தரங்கள் அவை. அந்தப் பிள்ளைகள் இன்று முப்பதை எட்டும் வயதில், குடும்பத்தையும் வேலையையும் சுமந்துகொண்டு பட்டப்படிப்புக்குத் திரும்புகிறார்கள். மறை எண்ணைக் கண்டதும் தடுமாறும் அவர்களைப் பார்த்து "உனக்குக் கணிதம் வராது" என்று யாரும் சொல்ல உரிமையில்லை. அது அவர்களுக்குக் கற்பிக்கப்படாத பாடம். இப்போது கற்கலாம். பெரியவர்களுக்கு அது சிறுபிள்ளைகளைவிட விரைவாகவே பிடிபடும்.

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 10, 11 கணிதப் பாடநூல்கள் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் தம்பி, தங்கையின் புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது. சுட்டிகளும் மடக்கைகளும், காரணிகள், அட்சரகணிதப் பின்னங்கள், இருபடிச் சமன்பாடுகள், வரைபுகள் ஆகிய அலகுகள் போதும். வட்டத் தேற்றங்கள், நிகழ்தகவு, அமைப்புகள் எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பயிற்சிகளை வாசித்துத் தலையாட்டாமல் கொப்பியில் எழுதிச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: மாறும் வீதத்தை ஒரு குளத்தில் பாருங்கள்

வகையீட்டுச் சூத்திரங்களை மனனம் செய்வதற்கு முன்னர் அவை எதை அளக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இரணைமடுவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இரணைமடுக் குளத்தின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 36 அடி. மாரியில் கிளிநொச்சி மக்கள் ஒருவரையொருவர் கண்டால் "குளம் எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அப்படியான ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் கணக்கு இலகுவாக வருவதற்காக நான் வைத்தவை.

மாலை 6 மணிக்கு அளவுகோலில் 30 அடி. இரவு 9 மணிக்கு 30.6 அடி. நள்ளிரவில் 31.8 அடி. அதிகாலை 3 மணிக்கு 33.6 அடி. இப்போது கேள்வி: 36 அடியைத் தொட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?

சாதாரண தரக் கணிதத்தோடு நிற்பவர் இப்படிச் சொல்வார்: ஒன்பது மணித்தியாலத்தில் 3.6 அடி ஏறியிருக்கிறது, மணிக்கு 0.4 அடி, மீதி 2.4 அடிக்கு ஆறு மணித்தியாலம் வேண்டும். காலை 9 மணி வரை நேரம் இருக்கிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால் அதை நம்பியிருந்தால் ஆபத்து. மூன்று மூன்று மணித்தியாலமாகப் பிரித்துப் பாருங்கள்: முதலில் மணிக்கு 0.2, அடுத்து 0.4, அதற்கடுத்து 0.6 அடி. வேகமே ஏறிக்கொண்டு போகிறது. அடுத்த மூன்று மணித்தியாலத்தில் அது 0.8 ஆனால், 2.4 அடியும் மூன்றே மணித்தியாலத்தில் நிரம்பிவிடும். குளம் காலை 6 மணிக்கே வான் பாயும்.

சராசரி வீதத்துக்கும் ஒரு கணத்தின் வீதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வகையீடு இருப்பதே இந்த இரண்டாவதை அளப்பதற்காக.

சரி, நள்ளிரவு 12 மணிக்கு, அந்தக் கணத்தில், நீர் எந்த வீதத்தில் ஏறிக்கொண்டிருந்தது? மேலே உள்ள நான்கு அளவீடுகளுக்கும் பொருந்தும் ஒரு சார்பு இருக்கிறது. மாலை 6 மணியிலிருந்து கழிந்த மணித்தியாலங்களை ந என்றால்,

உயரம் = 30 + 0.1ந + ந²/30

ந = 3, 6, 9 என்று போட்டுச் சரிபாருங்கள்; 12 என்று போட்டால் 36 வரும். நள்ளிரவு என்பது ந = 6. அங்கிருந்து முன்னோக்கி இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போவோம். 6 முதல் 9 வரை சராசரி வீதம் 0.6. 6 முதல் 7 வரை 0.533. 6 முதல் 6.1 வரை 0.503. 6 முதல் 6.01 வரை 0.5003. எண்கள் எங்கே போய் நிற்கப் பார்க்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிகிறது: 0.5. அந்த எண்தான் எல்லை. சராசரி வீதத்தின் எல்லையே பெறுதி. வரைபில் அது அந்தப் புள்ளியில் வரையப்படும் தொடலியின் படித்திறன்.

இந்தச் சுருக்கும் வேலையைக் கணிப்பானை வைத்து நீங்களே ஒருமுறை செய்யுங்கள். பிறர் செய்ததை வாசித்தால் இது மனதில் ஒட்டாது. ஜியோஜீப்ரா செயலியைக் கைப்பேசியில் இறக்கி, இந்தச் சார்பை வரைந்து, ந = 6 இல் தொடலியையும் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளியும்.

மூன்றாம் படி: விதிகளைக் கைப்பழக்கமாக்குங்கள்

ஒவ்வொரு தடவையும் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சுருக்குவழிகள் இருக்கின்றன. அடுக்கு விதி முதன்மையானது: சுட்டியை முன்னே கொண்டுவந்து பெருக்குங்கள், சுட்டியில் ஒன்றைக் குறையுங்கள். ந² இன் பெறுதி 2ந. ந³ இன் பெறுதி 3ந². மாறிலியின் பெறுதி பூச்சியம். குளத்துச் சார்புக்கு இதைப் போட்டால் வீதம் = 0.1 + ந/15. ந = 6 என்றால் 0.1 + 0.4 = 0.5. முன்னர் சிரமப்பட்டுக் கண்ட அதே எண் ஒரே வரியில் வந்துவிட்டது.

அடுத்து பெருக்க விதி, ஈவு விதி, சங்கிலி விதி. வணிக, பொருளியல் மாணவர்களின் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இவ்வளவுதான். சைன், கோசைன் வருவது அரிது. உங்கள் பாடத்திட்டத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பெருக்க விதியில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது: இரண்டு சார்புகளின் பெருக்கத்தை வகையிடும்போது இரண்டையும் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கிவிடுவது. ஏன் அது பிழை? ம × ம ஐ எடுங்கள். தனித்தனியே வகையிட்டால் 1 × 1 = 1. ஆனால் அது ம². அதன் பெறுதி 2ம. இந்தச் சிறு உதாரணத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் பரீட்சை மண்டபத்தில் விதி சந்தேகமானாலும் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழகும் முறை பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐம்பது கணக்குச் செய்வதைவிட, நாளுக்கு எட்டுக் கணக்கு, விதிகளைக் கலந்து, செய்வது மேல். ஒரே விதியில் தொடர்ந்து செய்யும்போது எந்த விதி என்று யோசிக்கும் வேலை இல்லாமல் போகிறது. பரீட்சை சோதிப்பதோ அந்த யோசனையைத்தான்.

நான்காம் படி: கணக்கைத் தொழிலுக்குள் கொண்டுவாருங்கள்

உங்கள் பாடத்தில் அதிகப் புள்ளி இருக்கும் இடம் இது. இதைப் படிக்க வைத்ததே இதற்காகத்தான். விலையையும் இலாபத்தையும் இப்படி வகையீட்டால் ஆராயலாம் என்று 1838 இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் அந்துவான் கூர்னோ எழுதிக் காட்டினார். அவர் எடுத்த உதாரணம் கனிய நீரூற்று ஒன்றின் உரிமையாளர். நாம் கச்சான் வியாபாரி ஒருவரை எடுப்போம்.

வவுனியா பஸ் நிலையத்தருகே வறுத்த கச்சான் பக்கெற் விற்கும் ஓர் அம்மா. இடத்துக்கும் வறுக்கும் விறகுக்கும் நாளொன்றுக்கு நிலையான செலவு 3000 ரூபா. பக்கெற் ஒன்றுக்குக் கச்சானும் பையும் 80 ரூபா. விலையைக் கூட்டினால் வாங்குபவர்கள் குறைவார்கள்: நாளுக்கு ம பக்கெற் விற்க வேண்டுமென்றால் விலை 200 − 0.5ம ரூபாவாக இருக்க வேண்டும். இவையும் உதாரணத்துக்கான எண்கள்.

வருமானம் என்பது விலை × எண்ணிக்கை: 200ம − 0.5ம².
செலவு: 3000 + 80ம.
இலாபம்: வருமானத்திலிருந்து செலவைக் கழித்தால் −0.5ம² + 120ம − 3000.

இலாபம் ஏறிக்கொண்டிருக்கும் வரை அதன் பெறுதி நேர். இறங்கத் தொடங்கினால் மறை. உச்சியில் பூச்சியம். பெறுதி −ம + 120. அது பூச்சியமாவது ம = 120 இல். பெறுதியை இன்னொருமுறை வகையிட்டால் வரும் இரண்டாம் பெறுதி −1, மறை. ஆகவே அது உயர்வுப் புள்ளி. 120 பக்கெற், விலை 140 ரூபா, இலாபம் 4200 ரூபா.

இதோடு நிறுத்தாமல் சரிபாருங்கள். 100 பக்கெற் விற்றால் இலாபம் 4000. 140 விற்றாலும் 4000. இரண்டு பக்கமும் குறைகிறது, விடை சரி. இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பரீட்சையில் எத்தனையோ புள்ளிகளைக் காப்பாற்றும்.

இப்போது இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விடயங்களைப் பிழிந்தெடுங்கள். முதலாவது: வருமானம் மட்டும் உச்சத்தில் இருக்க வேண்டுமென்றால் வருமானத்தின் பெறுதி 200 − ம = 0, அதாவது 200 பக்கெற்றை 100 ரூபா வீதம் விற்க வேண்டும். கையில் 20,000 ரூபா புரளும். இலாபமோ வெறும் 1000. நாள் முழுக்க ஓய்வில்லாமல் விற்றும் மிச்சம் இல்லையே என்று சிறு வியாபாரிகள் நொந்துகொள்வதற்குப் பின்னால் இப்படியொரு கணக்கும் இருக்கக்கூடும். இரண்டாவது: இடத்து வாடகை கூடி 3000 என்பது 3500 ஆனாலும் பெறுதியில் அது மறைந்துவிடுகிறது. இலாபம் 500 குறையும். ஆனால் விற்க வேண்டிய எண்ணிக்கையும் விலையும் மாறாது. நிலையான செலவு கூடினால் உடனே விலையைக் கூட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது சிந்திக்க வேண்டிய இடம்.

பொருளியலில் எல்லைச் செலவு, எல்லை வருமானம் (இன்னும் ஓர் அலகால் கூடும் செலவும் வருமானமும்) என்று வருபவை செலவின், வருமானத்தின் பெறுதிகளே. ம = 120 இல் எல்லை வருமானம் 200 − 120 = 80; எல்லைச் செலவும் 80. இரண்டும் சமனாகும் இடத்தில் இலாபம் உச்சம் என்று பொருளியல் பாடத்தில் மனனம் செய்த வாக்கியம் இங்கே ஒரு வரிக் கணக்காக நிரூபணமாகிவிடுகிறது. விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் கேள்வி நெகிழ்ச்சியும் இதே குடும்பம்தான்.

வசனக் கணக்குகளில் திணறுபவர்களுக்கு ஒரே ஆலோசனை: வகையிட ஓடாதீர்கள். எது மாறி, எதை உச்சமாக்கக் கேட்கிறார்கள், அலகு என்ன என்ற மூன்றையும் முதலில் தமிழிலேயே எழுதுங்கள். சமன்பாடு பிறகு வரட்டும்.

ஐந்தாம் படி: வட்டியும் அடுக்குக்குறிச் சார்பும்

ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில் ஒரு இலட்சம் ரூபா. ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்த்தால் முடிவில் 112,000. மாதந்தோறும் சேர்த்தால் 112,683. நாள்தோறும் சேர்த்தால் 112,747. கணந்தோறும் சேர்த்தால்? முடிவிலிக்கு ஓடிவிடாது, 112,750 இல் நின்றுவிடும். இப்படி நிற்பதற்குக் காரணமான மாறிலியே 2.718 என்று தொடங்கும், ஈ என்று குறிக்கப்படும் எண். 1683 இல் யாக்கோப் பேர்னூலி கூட்டுவட்டியை ஆராயும்போதுதான் இதைச் சந்தித்தார். ஈ ஐ அடியாகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பை வகையிட்டால் அதே சார்பு திரும்பக் கிடைக்கும் என்பதையும், ஈ ஐ அடியாகக் கொண்ட மடக்கையான இயற்கை மடக்கையின் பெறுதி 1/ம என்பதையும் தெரிந்துகொண்டால் இந்தப் பகுதி பெரும்பாலும் முடிந்தது. நுண்கடன் தாளில் மாத வட்டி என்று எழுதியிருப்பது ஆண்டுக்கு எவ்வளவாகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கமும் இங்கிருந்தே வரட்டும். மாதத்துக்கு நூற்றுக்கு 2 என்பது கூட்டுவட்டியில் ஆண்டுக்கு 24 ஆகாது, 26.8 ஆகும்.

ஆறாம் படி: தொகையீடு

தொடக்கத்தில் சொன்ன சேரும் தொகையைக் காண்பதுதான் தொகையீடு. திரும்பவும் குளத்துக்கு வருவோம். நீர்மட்டம் தெரியாது, ஏறும் வீதம் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.1 + ந/15. மாலை 6 முதல் காலை 6 வரை மொத்தம் எத்தனை அடி ஏறியது? வீதத்தை வரைந்தால் 0.1 இல் தொடங்கி 0.9 இல் முடியும் ஒரு சாய்ந்த கோடு. அதன் கீழே உள்ள சரிவகத்தின் பரப்பு (0.1 + 0.9)/2 × 12 = 6. அதாவது 6 அடி: 30 இலிருந்து 36. வளைகோட்டின் கீழ்ப் பரப்பைக் காண்பதும் வகையீட்டைப் பின்னோக்கிச் செய்வதும் ஒரே விடையைத் தருகின்றன. நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் சொல்வது இதைத்தான். தொடக்கமும் முடிவும் தராமல் செய்யும் வரையறாத் தொகையீட்டில் மாறிலியைச் சேர்க்க மறப்பதால் போகும் புள்ளிகள் ஏராளம். அந்த மாறிலி வேறொன்றுமில்லை, மாலை 6 மணிக்குக் குளத்தில் ஏற்கெனவே இருந்த 30 அடி.

ஏழாம் படி: அரையாண்டைக் கடக்கும் நடைமுறை

விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். நீங்கள் பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவர்கள். முதல் மாதத்தில் பாதிச் சிரமம் இதனால்தான். கொப்பியின் பின்பக்கத்தில் டெரிவேட்டிவ் என்றால் பெறுதி, ஸ்லோப் என்றால் படித்திறன், மார்ஜினல் கொஸ்ட் என்றால் எல்லைச் செலவு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். விரிவுரையில் விளங்காததைத் தமிழில் யோசித்து, விடையை ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

வரவு மிக முக்கியம். பல பீடங்களில் நூற்றுக்கு 80 வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. முல்லைத்தீவிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ தினமும் பஸ்ஸில் வந்து போகிறீர்கள் என்றால், முடியுமானால் விரிவுரை நாட்களிலாவது வவுனியாவில் தங்க வழி பாருங்கள். முடியாவிட்டால் பஸ்ஸில் கணக்குச் செய்ய முயன்று களைக்காமல், முந்தைய நாளின் தீர்க்கப்பட்ட கணக்கு ஒன்றை வரிவரியாக வாசித்து, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு வாருங்கள்.

இணைந்த கணிதம் படித்த நண்பர் ஒருவர் உள்ள நான்கு பேர் குழு நல்லது. ஆனால் அவர் செய்ய மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவால் பயனில்லை. பேனை உங்கள் கையில் இருக்க வேண்டும். விரிவுரையாளரிடம் போகும்போது "ஒன்றுமே விளங்கவில்லை, சேர்" என்று நிற்காதீர்கள். செய்துபார்த்த தாளோடு போய், "இந்த வரி வரை வந்தேன், இதற்கு மேல் போகவில்லை" என்று காட்டுங்கள். எவ்வளவு வேலைப்பளு உள்ளவரும் அப்படிக் கேட்பவருக்கு நேரம் கொடுப்பார்.

கடந்தகால வினாத்தாள்களை அரையாண்டின் நடுவிலேயே தேடி எடுங்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள். கடைசி இரண்டு வாரத்தில் நேரம் வைத்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முழுத் தாளாகச் செய்யுங்கள்.

இடைப் பரீட்சையில் புள்ளி மோசமாக வந்தால் விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் அ, வி, வா என்று குறியிடுங்கள்: அட்சரகணிதப் பிழை, விதிப் பிழை, வாசித்து விளங்குவதில் பிழை. அ அதிகமென்றால் தரம் 11 புத்தகத்துக்குத் திரும்புங்கள், நுண்கணிதப் பயிற்சியை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். வி அதிகமென்றால் நாளுக்கு எட்டுக் கணக்கு. வா அதிகமென்றால் கச்சான் கணக்கு போன்ற பத்தை எடுத்து, தீர்க்காமல், சமன்பாடு வரை மட்டும் எழுதிப் பழகுங்கள். அதற்குப் பிறகும் பாடம் தவறினால் மீள்பரீட்சைக்கான விண்ணப்பத் திகதியை அன்றே குறித்துவையுங்கள். அடுத்த அரையாண்டின் பாடங்கள் குவியத் தொடங்கியதும் அந்தத் திகதிதான் முதலில் கைநழுவும்.